வயலுக்கு வழி

தவணை தவறிய கடன்களைப் பற்றி விசாரித்து அறிக்கை தருவது கூட்டுறவு ஆய்வாளரின் வழக்கமான அலுவல்களில் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வைகாசி மாதத்தில், கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள திருமானூர் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றுக்கு இவ்வலுவலாகச் சென்றிருந்தேன். சங்கத்தார் கொடுத்த பட்டியலில், இருபது ஆண்டுகளாக ஒரு முறையேனும் தவணை தவறாத பெரியவர் ஒருவரின் பெயரைக் கண்டு வியப்புற்றேன். விளைச்சல் பொய்த்ததோ என்று வினவினேன். “விளைச்சலில் குறையில்லை, ஐயா. விளைந்ததை வெளியே கொண்டுவர வழியில்லாமல் போயிற்று” என்று கூறி, அவர் என்னைத் தம் வயலுக்கே அழைத்துச் சென்றார்.

அவருடைய ஒன்றரை ஏக்கர் நிலம் தார்ச்சாலையிலிருந்து நான்காவது வயல். முதல் வயலின் ஓரமாகச் சென்ற வண்டித்தடத்தின் வழியே அவருடைய பாட்டனார் காலந்தொட்டு எரு வண்டி போனது. நெல் வண்டி வந்தது. முதல் வயலுக்கு உரியவர் நிலத்தை விற்றார். வாங்கியவர் கல் ஊன்றிக் கம்பி வேலி கட்டினார். தை மாதத்தில் அறுவடை இயந்திரம் சாலை வரை வந்து, வழி காணாமல் திரும்பிப் போயிற்று. ஆள் தேடிக் கையறுப்பு அறுத்து, ஓரடி வரப்பின்மீது தலைச்சுமையாகக் கட்டுகளைக் களத்தில் சேர்ப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது. நனைந்த நெல்லை வந்த விலைக்கு வியாபாரியிடம் தள்ள நேர்ந்தது. தவணை தவறியதால், ஒழுங்காகச் செலுத்துவோர்க்குக் கிடைக்கும் வட்டியில்லாச் சலுகையும் போயிற்று.

வேலி கட்டியவரையும் கண்டு பேசினேன். அவர் கொடியவர் அல்லர். “என் பத்திரத்தில் பாதை என்ற சொல்லே இல்லை. அளந்து கொடுத்ததை அடைத்துக்கொண்டேன்” என்றார். அவர் சொன்னது மெய். பெரியவரின் பத்திரத்தையோ எடுத்துப் பார்த்தால், நம் பத்திரங்களில் எல்லாம் காணப்படும் “மாமூல் தட பாத்தியம் உட்பட” என்ற தொடர் இருந்தது. அத்தடம் எந்தச் சர்வே எண்ணில் தொடங்கி எதன் வழியாகச் செல்கிறது, அகலம் எவ்வளவு என்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இருவரும் பொய்யர் அல்லர். இருவர் கையிலும் பத்திரம் உண்டு. இடையில் வழி மட்டும் காணாமற் போயிற்று.

அன்று முதல் நான் செல்லும் ஊர்தோறும் வயல் வழிகளைக் கவனித்து வருகிறேன். அவற்றால் அறிந்த உண்மை ஒன்றே. வழி மண்ணில் இருந்தால் மட்டும் போதாது, ஏட்டிலும் இருக்க வேண்டும். ஏட்டில் இருந்தாலும் போதாது, காலடியும் அதன்மேல் படிந்துகொண்டே இருக்க வேண்டும். இவ்விரண்டையும் தனியொரு விவசாயி செய்துகொள்வது அரிது. கூடிச் செய்தால் எளிது.

தடம் தேயும் விதம்

வேலி கட்டி அடைக்கப்படும் வழிகள் சில; சிறுகச் சிறுகத் தேய்ந்து மறையும் வழிகளே பல. நடவுக்கு முன் வரப்பின் பக்கங்களைச் செதுக்கும் அண்டை வெட்டு நல்ல உழவுமுறைதான். களை ஒழியும், எலிவளை அடையும். ஆயினும் வெட்டுகின்ற மண்வெட்டி ஒவ்வொரு போகத்திலும் விரற்கடை அளவு உள்ளே போனால், மூன்றடி வரப்பு ஒரு தலைமுறைக்குள் ஓரடி ஆகிவிடும். இருபுறத்தாரும் வெட்டினால் அதனினும் விரைவு. எவரும் திருடவில்லை, ஆனாலும் வழி களவு போயிற்று.

நம் திருமானூர் வட்டாரத்துக்குத் தனிப்பட்ட காரணங்களும் உண்டு. தெற்கே கொள்ளிடப் படுகை. நடுவே புள்ளம்பாடி வாய்க்காலும் ஏரிகளும் பாயும் நன்செய். வடக்கே சிமிட்டி ஆலைகளுக்குக் கல் தரும் சுண்ணாம்புப் பாறையையுடைய மேட்டுநிலம். படுகையில் வெள்ளம் தடத்தைக் கரைக்கிறது. நன்செயில் வாய்க்காலில் நீர் வந்துவிட்டால் வரப்பும் கரையுமே வழி. மேட்டு நிலத்தில் முன்னாளில் குறுக்கே நடந்துபோன தடங்கள் சில, சுரங்கப் பள்ளங்களைச் சுற்றிச் செல்ல வேண்டியவை ஆயின.

சாலைகளே போடப்படவில்லையா என்று கேட்கலாம். 2000-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம் நாடெங்கும் குடியிருப்புகளைத் தார்ச்சாலையால் இணைத்தது. அது பெரும்பேறு. எனினும் அதன் நோக்கம் ஊரையும் ஊரையும் இணைப்பது. வீட்டையும் வயலையும் இணைப்பதன்று. சந்தைக்குப் போகும் சாலை செம்மையாயிற்று. சாலைக்குப் போகும் தடமோ சிறுத்துப் போயிற்று. அதே காலத்தில் மாட்டு வண்டி குறைந்து டிராக்டரும் அறுவடை இயந்திரமும் வந்தன. முன்னே வண்டிக்குப் போதுமாயிருந்த தடம் பின்னே வந்த இயந்திரத்துக்குப் போதவில்லை. அகலம் மிகுதியாக வேண்டிய காலத்தில் வழி குறுகியதே இன்றைய இடர்ப்பாட்டின் சுருக்கம்.

ஏட்டிலுள்ள வழி

அங்கத்தினர் முதலில் அறிய வேண்டியது, தம் ஊரில் எந்த வழி யாருக்கு உரியது என்பது. வழிகள் மூவகைப்படும்.

முதலாவது, அரசுப் புறம்போக்காகிய பாதை. கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள அ-பதிவேட்டில் வண்டிப்பாதை, பாதை புறம்போக்கு என்று தனிச் சர்வே எண்ணுடனோ உட்பிரிவு எண்ணுடனோ இது காணப்படும். இரண்டாவது, வாய்க்கால் கரை, ஏரிக்கரை முதலியவை. இவையும் அரசுக்கு உரியவையே. பெரும்பாலும் நீர்வளத் துறையின் அல்லது ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் உள்ளவை. மூன்றாவது, தனியார் பட்டா நிலத்தின்மீது வழக்கத்தாலோ ஒப்பந்தத்தாலோ செல்லும் தடம். பெரியவரின் தடம் இம்மூன்றாம் வகை.

இவற்றைப் பிரித்தறிய மூன்று ஆவணங்கள் போதும்: கிராம வரைபடம், அ-பதிவேடு, புல வரைபடம். கிராம வரைபடத்தில் விட்டுவிட்டு வரைந்த ஒற்றைக் கோடு ஒற்றையடிப் பாதையையும், இரட்டைக் கோடு வண்டித்தடத்தையும் பொதுவாகக் குறிக்கும். கோடு இருப்பதனாலேயே அது புறம்போக்கு என்று கொள்ளலாகாது. பதிவேட்டில் அவ்வாறு எழுதியிருக்கிறதா என்று ஒத்துப்பார்க்க வேண்டும். பழைய புல வரைபடங்களில் அளவுகள் சங்கிலிக் கணக்கில் இருக்கும். ஒரு சங்கிலி 66 அடி. அதில் 100 லிங்க் அடங்கும். அ-பதிவேட்டுப் பகுதியையும் புல வரைபடத்தையும் இப்போது வருவாய்த் துறையின் இணையப் பக்கத்திலேயே பெறலாம்.

பழைய பத்திரங்களைத் தேடுவோர் ஒன்றை நினைவிற்கொள்க. நம் பகுதி 1995 வரை திருச்சிராப்பள்ளி மாவட்டம். பின்பு பெரம்பலூர் மாவட்டம். 2001-இல் அரியலூர் தனி மாவட்டமாகி, 2002-இல் மீண்டும் பெரம்பலூருடன் இணைந்து, 2007 நவம்பரில் மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. ஆதலால் ஒரே நிலத்தின் தாய்ப்பத்திரங்களில் மாவட்டத்தின் பெயர் மாறி மாறி வருவது கண்டு மயங்க வேண்டுவதில்லை.

சட்டம் சொல்வது

புறம்போக்குப் பாதையை எவரேனும் உழுதோ அடைத்தோ ஆக்கிரமித்தால், 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி, அறிவிப்புக் கொடுத்து அவரை வெளியேற்ற வருவாய்த் துறைக்கு அதிகாரம் உண்டு. எத்தனை ஆண்டு உழுதார் என்பது பெரிதன்று, பாதை அரசுடையது.

தனியார் நிலத்தின்மீதுள்ள தடத்துக்கு 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் பொருந்தும். அச்சட்டத்தில் நாம் மனங்கொள்ளத்தக்க விதிகள் நான்கு. ஒன்று, ஒருவர் ஒரு தடத்தை வெளிப்படையாகவும் அமைதியாகவும் உரிமை என்ற எண்ணத்துடனும் இடைவிடாது 20 ஆண்டுகள் பயன்படுத்தினால் அது அவருக்கு உரிமையாகும். அரசு நிலமாயின் 30 ஆண்டுகள் வேண்டும். இரண்டு, உடையவரின் தயவினால் நடந்த நடை உரிமையாகாது. “போய்க்கொள்ளுங்கள்” என்று அவர் அன்பினால் சொன்ன சொல், அவர் மனம் மாறும் அளவுமே செல்லும். மூன்று, ஒரு வகை வழியுரிமை மற்றொரு வகையை உட்கொள்ளாது. கால்நடையாகச் செல்லும் உரிமையைக் காட்டி இயந்திரம் ஓட்ட இயலாது. நான்கு, 20 ஆண்டுகள் தொடர்ந்து பயன்படுத்தாது விட்ட வழியுரிமை பொதுவாக இறந்துபடும்.

இவ்விதிகளைப் பெரியவருக்கு எடுத்துரைத்தேன். அவருக்கு உரிமை இருக்கக்கூடும். ஆனால் அதை உரிமையியல் நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டும். சாட்சி சொல்லத்தக்க முதியோர் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். வழக்கு முடியுமுன் எத்தனை தை மாதங்கள் போகுமோ! வென்றாலும் கிடைப்பது வண்டித்தடமே. அறுவடை இயந்திரத்துக்கு அது போதுமா என்பது வேறு வழக்கு.

பிற மாநிலத்தார் இதற்கு எளிய முறை கண்டுள்ளனர். மகாராட்டிரத்தில் 1966-ஆம் ஆண்டின் நில வருவாய்ச் சட்டத்தின் 143-ஆம் பிரிவுப்படி, வயல் எல்லை வழியாகச் செல்லும் பாதை பற்றிய கோரிக்கையைத் தாசில்தாரே விசாரித்து முடிவு செய்யலாம். விவசாயி வழக்கறிஞரைத் தேடி நகரத்துக்கு ஓட வேண்டுவதில்லை. இத்தகைய ஏற்பாடு நம் மாநிலத்துக்கும் வேண்டுமென்று கூட்டுறவு மாநாடுகளில் தீர்மானம் இயற்றுவது தகும்.

இங்கிலாந்தில் நடந்ததும் அறியத்தக்கது. அங்கே மலையும் மேய்ச்சல் வெளியும் பெருநிலக்கிழார் வசம் அடைபட்டிருந்தன. மான்செஸ்டர் முதலிய ஆலை நகரங்களின் உழைப்பாளிகள் 1932 ஏப்ரல் 24-ஆம் நாள் கிண்டர் ஸ்கவுட் என்னும் மேட்டு வெளியில் திரளாக ஏறி நடந்தனர். சிலர் சிறை சென்றனர். 1949-இல் இயற்றப்பட்ட சட்டமோ, மாவட்ட மன்றங்கள் பொதுப் பாதைகளை எல்லாம் அளந்து ஒரே வரைபடத்தில் குறிக்க வேண்டுமெனப் பணித்தது. அவ்வரைபடத்தில் ஏறிய பாதையை இல்லையென்று எவரும் சொல்ல முடியாது. போராட்டம் வழியைத் திறந்தது. வரைபடம் அதைக் காத்தது.

யாவர்க்கும் வழி

வழியைப் பற்றிப் பேசும்போது ஒன்றை மறைத்துப் பேசுதல் முறையன்று. நம் ஊர்களில் நிலத்தகராற்றால் மட்டும் வழி மறிக்கப்படவில்லை. பிறப்பைக் காட்டியும் மறிக்கப்பட்டது. திருவிதாங்கூர்ச் சமஸ்தானத்து வைக்கத்தில் கோவிலைச் சுற்றிய தெருக்களில் ஒடுக்கப்பட்ட மக்கள் நடக்கலாகாது என்ற தடையை எதிர்த்து 1924 மார்ச்சு மாதம் அறப்போர் தொடங்கிற்று. பெரியார் ஈ.வெ.ரா. அங்குச் சென்று இருமுறை சிறைப்பட்டார். 1925 நவம்பரில் அது முடிவுற்றது. அதே 1924-இல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலையும் கிணறும் குளமும் எல்லா வகுப்பாருக்கும் உரியவை என்பதை நிலைநாட்டிற்று. பின்னர் 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15-ஆம் உறுப்பும், 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமும், 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இவ்வுரிமைக்கு அரணாயின.

இவ்வளவு அரண் இருந்தும், இறந்தவரைச் சுமந்து செல்ல வழியின்றி நடவு வயலில் இறங்கிச் செல்லும் அவலம் நாளேடுகளில் செய்தியாக வரக் காண்கிறோம். நம் வயலில் நாற்று நட்டவரின் கடைசிப் பயணத்துக்கு நம் வரப்பில் இடமில்லை என்றால், நாம் கூட்டுறவு என்று பேசுவதில் பொருளில்லை. 1844-இல் ராச்டேல் நகரத்து நெசவாளரும் பிற தொழிலாளரும் வகுத்துத் தந்த நெறிகளில் முதன்மையானது, சங்கத்தின் கதவு யாவர்க்கும் திறந்திருத்தல். சங்கக் கதவுக்குப் பொருந்துவது ஊர் வழிக்கும் பொருந்தும்.

நெசவாளராகிய அங்கத்தினர், வயல் வழியால் தமக்கென்ன என்று எண்ணலாகாது. வாரியங்காவல், இலையூர், உடையார்பாளையம், செயங்கொண்டம் பகுதித் தறிக்காரருக்குத் தெரு நடப்பதற்கு மட்டும் உரியதன்று. பருத்திப் பாவை நீட்டிக் கஞ்சி தோய்த்து உலர்த்த நீண்ட, நேரான, தடையில்லாத இடம் வேண்டும். சேலத்துப் பக்கம் இதற்கெனவே பாவடி என்னும் பொதுநிலம் விடப்பட்டிருப்பதைப் பலர் அறிவர். வீட்டுப் படியை ஒருவர் ஈரடி நீட்டினால் தெருவின் நேர்மை குலைகிறது. பாவு நீட்ட இடம் குறைகிறது. வரப்பைச் செதுக்கும் மண்வெட்டியும் தெருவில் இறங்கும் படியும் ஒரே வேலையையே செய்கின்றன.

பத்து சென்ட் கணக்கு

மீண்டும் பெரியவரிடம் வருவோம். சங்கத் தலைவர் அந்த வயல்களுக்கு உரியவர் அனைவரையும் ஒருநாள் மாலை சங்கக் கட்டடத்தில் கூட்டினார். சட்டம் பேசத் தொடங்கியதும் குரல்கள் உயர்ந்தன. அப்போது அவர் கரும்பலகையில் ஒரு கணக்கைப் போட்டார். சாலையிலிருந்து பெரியவரின் வயல் வரை நீளம் 436 அடி. பத்தடி அகலத்தில் தடம் விட்டால் 4,360 சதுர அடி. அதாவது, 10 சென்ட். இரு வரிசை வயல்களுக்கு நடுவேயுள்ள எல்லை வரப்பை மையமாக வைத்துப் புறத்துக்கு ஐந்தடி விட்டால், மூன்று மூன்றாக ஆறு வயல்கள். ஒரு வயலுக்கு இழப்பு ஏறக்குறைய ஒன்றேமுக்கால் சென்ட்டுக்கும் குறைவு.

கணக்கைக் கண்டபின் கூட்டம் அமைதியடைந்தது. ஏக்கர் கணக்கில் இழப்பதாக எண்ணியிருந்தவர்கள், இழப்பது இரண்டு சென்ட்கூட இல்லை என்று கண்டனர். சாலையோரத்து இரு வயல்காரருக்குத் தடத்தால் பயனில்லை. ஆகவே அவர்கள் விடும் நிலத்துக்கு உள்வயல்காரர் அனைவரும் தத்தம் பரப்பின்படி விலை கொடுப்பது என்று முடிவாயிற்று. உள்ளேயிருந்த ஆறில் ஒரு வயல் முப்பது சென்ட் மட்டுமே உடைய ஓர் அம்மையாருடையது. “உங்களுக்கு அது விரற்கடை, எனக்கு அது ஒரு மூட்டை நெல்” என்றார் அவர். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அவருக்கும் விலை கொடுக்கப்பட்டது. வேலி கட்டியவர் தாமே முன்வந்து கற்களைப் பிடுங்கி ஐந்தடி தள்ளி ஊன்றினார்.

வாய்ச்சொல்லோடு விட்டுவிடவில்லை. சர்வே எண்கள், நீளம், அகலம், நடை, வண்டி, டிராக்டர், அறுவடை இயந்திரம் ஆகிய யாவும் செல்லும் உரிமை, ஆண்டுதோறும் மண் போடும் பொறுப்பு எல்லாம் எழுதி, வரைபடம் இணைத்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தனர். அடுத்த தை மாதம் இயந்திரம் வயலில் இறங்கிற்று. பெரியவரின் பெயரைப் பட்டியலில் நான் மறுபடி காணவில்லை.

சங்கங்கள் செய்யத்தக்கவை

இதைப் போன்றே ஒவ்வொரு சங்கமும் செய்யலாம். சங்கம் வழக்காட வேண்டுவதில்லை, கூட்டிவைத்தால் போதும்.

சித்திரை, வைகாசியில் வயல்கள் வெறிதே கிடக்கும் காலத்தில், அங்கத்தினர் ஒருநாள் கூடி, கிராம வரைபடத்தைக் கையிற்கொண்டு ஊரின் எல்லா வழிகளிலும் நடந்து பார்ப்பாராக. சுடுகாடு, இடுகாட்டுப் பாதைகளையும், உழைப்பாளர் குடியிருப்புப் பாதைகளையும் முதலில் நடப்பாராக. நடந்ததை, புறம்போக்கு, கரை, தனியார் தடம் என்று பிரித்துச் சர்வே எண்ணுடன் ஒரு குறிப்பேட்டில் எழுதுக.

ஆக்கிரமிக்கப்பட்ட புறம்போக்குப் பாதைகளைப் பற்றிக் கிராமசபையில் தீர்மானம் நிறைவேற்றுக. சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாள்கள் யாவரும் அறிந்தவை. வட்டாட்சியருக்கும், ஆண்டுதோறும் நடைபெறும் ஜமாபந்தியிலும் எழுத்து மூலம் மனுக் கொடுக்க. தனியார் தடங்களைப் பற்றி உரியவர்களுடன் பேசி, மேற்சொன்னவாறு பதிவு செய்துகொள்க. நிலம் வாங்குவோர், பத்திரம் எழுதுமுன் “மாமூல் தடம்” என்பது எது என்று கேட்டு, எண்ணும் அகலமும் எழுதச் செய்க. நடவுக்கு முன் அண்டை வெட்டும்போது வழிவரப்பைத் தொடுவதில்லை என்று ஊரார் ஒருங்கே உறுதி கொள்க.

ஏரிக்கரைகளையும் மறவற்க. நம் வட்டாரத்துக் கரைவெட்டி ஏரி 1999-இல் பறவைகள் சரணாலயமாகி, 2024 சனவரியில் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. வெளியூரார் வந்து காணும் அக்கரை, உள்ளூரார்க்கு அன்றாடம் ஆடுமாடு ஓட்டும் வழி. கரை செம்மையாயிருந்தால் இருவர்க்கும் நன்மை.

இறுதியாக, சொல்லாது விட்டால் குறையாகும் செய்தி ஒன்று உண்டு. பெரியவரின் ஊரில் நாங்கள் வரைபடத்துடன் நடந்தபோது, அ-பதிவேட்டில் வண்டிப்பாதை என்று தெளிவாக எழுதப்பட்ட வேறொரு வழி நடுவிலே நெல் வயலாக இருக்கக் கண்டோம். அதை உழுது வருபவர் அச்சங்கத்தின் நிர்வாகக் குழுவினரில் ஒருவர். மற்றவர் முன் அவர் தலைகுனிந்தார். “அறுப்பு முடிந்ததும் விட்டுவிடுகிறேன்” என்றார். இரண்டு அறுப்பு முடிந்தது. நான் கடைசியாகச் சென்றபோதும் அங்கே நெல்தான் இருந்தது. அடுத்த வைகாசியில் சங்கத்தார் மீண்டும் நடப்பதாக நாள் குறித்துள்ளனர். அன்று முன்னே நடக்கும்படி அவரையே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.